காமெட் லாரியைத் தேடும் ஆர்வலர்கள்: 1950-களின் வண்டியை அடையாளம் காண்பது எப்படி? சட்டம் என்ன சொல்கிறது?

மதுரை மாட்டுத்தாவணியில் இருந்து வண்டியூர் பக்கமாக விரகனூர் போகும் ரிங் ரோட்டில் சிறிது நேரம் நின்றாலே லாரிகள் வரிசை கட்டிக் கடந்து போகும். அந்த வரிசையில் 1950-களைச் சேர்ந்த ஒரு வண்டியைப் பார்க்க வாய்ப்பே இல்லை. அதே காலத்து மோரிஸ் மைனரோ ஆஸ்டினோ ஃபியட்டோ இன்றும் கண்காட்சிக்கு வருகிறது, மாலை போட்டு வரவேற்கிறார்கள். ஆனால் ஊருக்கு அரிசியும் சிமென்டும் செங்கல்லும் சுமந்து வந்த லாரி மட்டும் காணாமல் போய்விட்டது.

அதனால்தான் பழைய வண்டி ஆர்வலர்களில் சிலர் காரை விட்டுவிட்டு லாரியைத் தேடுகிறார்கள். அவர்கள் தேடும் வண்டிகளில் முக்கியமானது, சென்னை எண்ணூரில் தயாரான முதல் தலைமுறை 'லேலண்டு காமெட்'. இந்த வண்டி எப்படி வந்தது, ஏன் அபூர்வமானது, ஒரு பழைய லாரியின் வரலாற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அதைப் பாதுகாக்க சட்டத்தில் வழி இருக்கிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

காமெட் என்பது என்ன வண்டி?

இங்கிலாந்தின் லேலண்டு மோட்டார்ஸ் நிறுவனம் 1947-ல் அறிமுகப்படுத்திய லாரி வரிசையின் பெயர் 'காமெட்'. தமிழில் வால்நட்சத்திரம். உலகப் போர் முடிந்து பணத்தட்டுப்பாட்டில் இருந்த இங்கிலாந்து, வெளிநாடுகளுக்கு விற்பதை முக்கிய நோக்கமாக வைத்து உருவாக்கிய வண்டி இது.

இந்தியாவில் அதைக் கொண்டுவந்தது அசோக் மோட்டார்ஸ். ரகுநந்தன் சரண் 1948 செப்டம்பர் 7-ல் தொடங்கிய நிறுவனம் அது. மகன் அசோக்கின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். முதலில் அங்கே லாரி கிடையாது. 1949-ல் ஆஸ்டின் ஏ40 கார்களைத்தான் கோர்த்து விற்றார்கள். 1950-ல் லேலண்டுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1951-ல் எண்ணூரில் கோர்க்கப்பட்ட முதல் லேலண்டு வண்டிகள் நான்கே நான்கு. காமெட் 350 எஞ்சின் பொருத்திய டிப்பர்கள் அவை. நான்கையும் வாங்கியது மங்களூரில் உள்ள ஓடு தொழிற்சாலை.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. ஆண்டுக்கு 1,000 காமெட் தயாரிக்க 1954-ல் மத்திய அரசு உரிமம் கொடுத்தது. லேலண்டு மோட்டார்ஸ் பங்குதாரராகச் சேர, 1955-ல் நிறுவனத்தின் பெயர் 'அசோக் லேலண்டு' ஆனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'காமெட்' என்ற பெயர் அதன்பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ஆகவே முகப்பில் காமெட் என்று எழுதியிருந்தாலே அது அபூர்வ வண்டி ஆகிவிடாது. ஆர்வலர்கள் தேடுவது 1950-களின் ஆரம்ப வண்டியை. அதாவது, பாகங்கள் கப்பலில் வந்து எண்ணூரில் கோர்க்கப்பட்ட காலத்தில் இருந்து, படிப்படியாக உள்ளூரிலேயே செய்யத் தொடங்கிய காலம் வரை வந்தவற்றை.

அதற்கு முன் மதுரைச் சாலைகளில் என்ன ஓடியது?

மதுரையில் மோட்டார் வண்டி என்று பேசினால் டி.வி.எஸ். பெயர் வராமல் இருக்காது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார், 1911-ஐத் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் இந்த நிறுவனத்தை பஸ் சேவையில் இருந்துதான் வளர்த்தெடுத்தார். அவர்களின் 'சுந்தரம் மோட்டார்ஸ்', அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பெரிய விற்பனையாளராக இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் வண்டி கோர்க்கும் ஆலையைத் திறந்திருந்தது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. வண்டியை எப்படி ஓட்டுவது? அப்போது சுந்தரம் ஐயங்கார் உருவாக்கியதுதான் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்'. கேஸ் பிளான்ட் வேலை செய்யும் விதம் எளிமையானது. வண்டியில் ஒரு இரும்பு டிரம்மைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரிய விடுவார்கள். அதில் கிளம்பும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை வடிகட்டி, குளிரவைத்து எஞ்சினுக்கு அனுப்புவார்கள். பெட்ரோலில் கிடைக்கும் இழுவை இதில் கிடைக்காது. வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் கரியைப் பற்றவைத்துக் காத்திருக்கவும் வேண்டும். ஆனாலும் வண்டி நிற்காமல் ஓடியது.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் ஏலத்துக்கு வந்தன. இன்னொரு பக்கம் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், டாட்ஜ், ஃபார்கோ என்ற பெயர்களில் லாரிகளைக் கொடுத்தது. ஏறக்குறைய ஒரே வண்டிக்கு இரண்டு பெயர்.

இந்தப் படம் 1953-ல் மாறியது. மோட்டார் தொழில் பற்றி அறிக்கை கொடுத்த சுங்க வரி ஆணையம், உள்நாட்டிலேயே படிப்படியாக வண்டி தயாரிக்கும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம், வெறுமனே கோர்த்து விற்பவர்கள் விலக வேண்டும் என்று பரிந்துரைத்தது. மத்திய அரசு அதை ஏற்றது. 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பம்பாய் ஆலையை மூடியது. அதே 1954-ல் ஜாம்ஷெட்பூரில் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி வந்தது. நம்மூரில் 'பென்ஸ் லாரி' என்று சொல்லப்பட்டது இதுதான். அந்த ஒப்பந்தம் 1969-ல் முடிந்த பிறகு முகப்பில் இருந்த நட்சத்திரம் போய் டாடாவின் 'டி' வந்தது. தெற்கே எண்ணூரில் காமெட் காலூன்றியதும் இந்தக் கட்டத்தில்தான்.

ஆக, ஒரு பழைய லாரியின் முகப்பில் இருக்கும் பேட்ஜ் அந்தக் கால அரசுக் கொள்கையின் சாட்சியும்கூட. கோர்த்து விற்ற காலம் முடிந்து தயாரிப்புக் காலம் தொடங்கிய கதை அதில் இருக்கிறது.

இவ்வளவு ஓடிய வண்டி ஏன் அபூர்வமானது?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். லாரிக்கும் அது பொருந்தும். கார் பழசானால் ஷெட்டில் நிற்கும். லாரி பழசானால் பிரிக்கப்படும். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம், லாரி சம்பாதிக்கும் வண்டி. ஓடும்வரை ஓட்டுவார்கள். பெரிய நகரங்களுக்கு இடையே ஓடி ஓய்ந்த வண்டி உள்ளூர் லோடுக்கு வரும். பிறகு செங்கல் சூளை, கல்குவாரி, தண்ணீர் டேங்கர் என்று ஒவ்வொரு படியாக இறங்கும்.

இரண்டாவது, அதன் பாகங்களுக்கு எப்போதும் விலை உண்டு. டீசல் எஞ்சின் ஜெனரேட்டருக்கும் மோட்டார் பம்புக்கும் போகும். ஆக்சில் டிராக்டர் டிரெய்லருக்குப் போகும். கிராமங்களில் ஓடிய டயர் மாட்டு வண்டிகளில் பழைய மோட்டார் வண்டிகளின் ஆக்சிலும் டயரும்தான் இருந்தன. மீதி இரும்பு எடை போட்டுக் காயலான் கடைக்கு.

மூன்றாவது காரணம் முக்கியமானது. இந்தியாவில் லாரி பெரும்பாலும் முழு வண்டியாக விற்கப்படவில்லை. ஆலையில் இருந்து வெளியே வருவது எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், முன்முகப்பு ஆகியவை கொண்ட வெறும் சேசிஸ்தான். டிரைவர் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கூரை இல்லாமல் அதை ஓட்டி வருவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். கேபினையும் பின்பாடியையும் உரிமையாளர் தன் விருப்பப்படி மரத்திலும் தகரத்திலும் கட்டிக்கொள்வார். நாமக்கல், சங்ககிரி, கரூர் போன்ற ஊர்கள் பாடி கட்டும் தொழிலில் பெயர் பெற்றது இப்படித்தான்.

அதனால் 'கம்பெனி ஒரிஜினல் பாடி' என்று ஒன்றைத் தேடினால் பல லாரிகளுக்கு அது ஆரம்பத்திலேயே இல்லை. அந்த மர பாடியும் சில ஆண்டுகளில் உளுத்துப் போய், மறுபடி கட்டப்பட்டிருக்கும். வெளித் தோற்றத்தை வைத்து ஒரு லாரியின் வயதைச் சொல்ல முடியாது.

அப்படியானால் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஆர்வலர்கள் பார்க்கும் தடயங்கள் இவை.

1. சேசிஸ் எண்: நீண்ட இரும்புச் சட்டத்தில் எழுத்துகளும் எண்களுமாக அடிக்கப்பட்டிருக்கும். துருவைத் துடைத்து, அதன் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்தால் எண் பதியும். ஆர்.டி.ஓ. ஆய்வில் செய்வதும் இதே முறைதான். வண்டியின் மற்ற எல்லாம் மாறினாலும் கடைசிவரை மாறாமல் இருக்க வாய்ப்புள்ளது இந்தச் சட்டம்தான்.

2. எஞ்சின்: லேலண்டு எஞ்சின்களின் பெயரில் உள்ள எண், கொள்ளளவை கன அங்குலத்தில் சொல்கிறது. 350 என்றால் சுமார் 5.7 லிட்டர். 370 என்றால் சுமார் 6 லிட்டர். 400 என்றால் சுமார் 6.5 லிட்டர். 370-ம் 400-ம் பிற்காலத்தில் வந்தவை. பழைய சட்டத்தில் 400 எஞ்சின் உட்கார்ந்திருந்தால், இடையில் எஞ்சின் மாறியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

3. ரிவெட்டும் போல்ட்டும்: சேசிஸின் குறுக்குச் சட்டங்கள் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டவை. அங்கே போல்ட்டோ வெல்டிங்கோ தெரிந்தால், அது பிறகு நடந்த பழுதுபார்ப்பு அல்லது சேசிஸை நீட்டிய வேலை.

4. பதிவு எண்: 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பிறகே, இன்று மதுரையில் பார்க்கும் டி.என். 58, டி.என். 59 வகை எண்கள் வந்தன. அதற்கு முன்னால் மூன்று எழுத்தும் ஓர் எண்ணும்தான். மெட்ராஸ் மாகாணத்தின் நினைவாக 'எம்' எழுத்தில் தொடங்கும் எண் என்றால் வண்டி பழையது. எழுத்துகளை வைத்து முதலில் பதிவான ஊரைக்கூட ஊகிக்கலாம்.

5. ஆர்.சி. புத்தகம்: பழைய ஆர்.சி.யில் உரிமையாளர் மாறிய ஒவ்வொரு முறையும் பதிவாகியிருக்கும். வங்கிக் கடன், எஞ்சின் மாற்றம், ஏற்றக்கூடிய எடை எல்லாம் அதில் வரும். ஒரு லாரிக்கு அதுதான் ஜாதகம். பெர்மிட் காகிதமும் இருந்தால் எந்தப் பகுதியில் ஓடியது என்பதும் தெரிந்துவிடும். இப்போதைய 'வாகன்' இணையதளத்தில் தேடினால் போதாது. கணினியில் ஏற்றப்பட்ட பதிவுகள் மட்டுமே அங்கே தெரியும்.

6. ஆயுத பூஜை படங்கள்: கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் லாரிக்காரர் குடும்பங்களில் வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, முன்னால் குடும்பத்தோடு நின்று எடுத்த படம் இருக்கும். முகப்பு, பேட்ஜ், நம்பர் பிளேட் மூன்றும் ஒரே படத்தில் கிடைக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளின் படங்களை வரிசையாக வைத்தால், பாடி எப்போது மாறியது, பெயின்ட் எப்போது மாறியது என்பதுகூடத் தெரியும்.

7. வெளிநாட்டு ஆவணங்கள்: முதல் கட்ட காமெட்களின் பாகங்கள் இங்கிலாந்தில் இருந்து வந்தவை. லங்காஷயரின் லேலண்டு நகரில் உள்ள பிரிட்டிஷ் கமர்ஷியல் வெஹிக்கிள் மியூசியம், லேலண்டு நிறுவனத்தின் பழைய ஆவணங்களைக் காத்து வருகிறது. லேலண்டு வண்டி ஆர்வலர்களுக்கென்றே 'லேலண்டு சொசைட்டி' என்ற அமைப்பும் அங்கே இயங்குகிறது. இங்கே கிடைக்கும் சேசிஸ் எண்ணை அங்குள்ள பதிவோடு ஒப்பிடுவது ஒரு வழி.

இதில் எது ஒன்றும் தனியாக முழுக் கதையைச் சொல்லாது. எண் ஒரு காலத்தைக் காட்டும், எஞ்சின் இன்னொரு காலத்தைக் காட்டும், பாடி மூன்றாவது காலத்தைக் காட்டும். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் அது போலி வண்டி என்று அர்த்தம் இல்லை. உழைத்த லாரி என்று அர்த்தம்.

சட்டம் பாதுகாக்கிறதா?

இங்கேதான் சிக்கல். பழமையான வாகனங்களுக்கென்று 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் முக்கிய அம்சங்கள்:

• முதல் பதிவில் இருந்து 50 ஆண்டுகளைக் கடந்திருக்க வேண்டும்.
• வணிகப் பயன்பாடு இல்லாத, சொந்தப் பயன்பாட்டுக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனமாக இருக்க வேண்டும்.
• சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.
• புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய்.
• புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துள்ள தனி எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.
• கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம்.

இதைப் படித்தாலே லாரி எங்கே அடிபடுகிறது என்பது புரியும். லாரி பிறந்ததே வாடகைக்கு ஓடத்தான். 'சொந்தப் பயன்பாடு' என்ற முதல் வாசலிலேயே அது நின்றுவிடும். தப்பித் தவறி உள்ளே போனாலும், பாடியும் எஞ்சினும் மாறாமல் 70 ஆண்டு ஓடிய லாரி எங்கே கிடைக்கும்?

சரி, சாதாரண சரக்கு வாகனமாகவே வைத்துக்கொள்ளலாமே என்றால், அதற்கு எஃப்.சி. வேண்டும். 15 ஆண்டு கடந்த கனரக வாகனத்துக்கு எஃப்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 12,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. லோடு ஏற்றாத, சம்பாதிக்காத வண்டிக்கு யார் இவ்வளவு செலவு செய்வார்கள்?

அரசிடம் உள்ள வண்டிகளின் நிலை இன்னும் கடினம். 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. மாநகராட்சி, நகராட்சி, அரசுப் போக்குவரத்துக் கழக வண்டிகளும் இதில் அடங்கும். அவை பதிவு பெற்ற உடைப்பு மையங்களுக்குத்தான் போக வேண்டும். பாதுகாப்புப் படை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. நகராட்சி கிடங்கு மூலையில் நின்ற பழைய தண்ணீர் லாரிகள் ஆர்வலர்களின் கண்ணில் படுவதற்கு முன்பே மறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புகை கக்கும் பழைய வண்டிகளைச் சாலையில் இருந்து அகற்றுவது நியாயமான நோக்கம்தான். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. ஆனால் சாலையில் ஓடுவதற்கும் வரலாற்றுப் பொருளாகக் காட்சிக்கு நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காருக்குப் பார்க்கும் விதி, லாரிக்குப் பார்க்கவில்லை.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்?

பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான 'ஃபிவா' 1966-ல் தொடங்கப்பட்டது. குறைந்தது 30 ஆண்டு பழையதாக, வரலாற்று ரீதியாகச் சரியான நிலையில், தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியாக இருந்தால் அதை வரலாற்று வாகனமாக அந்த அமைப்பு பார்க்கிறது. காரா லாரியா என்ற பாகுபாடு அதில் இல்லை.

இங்கிலாந்தில் பழைய லாரி, பஸ்களுக்காகவே 1958-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கம் 1962-ல் லண்டனில் இருந்து பிரைட்டன் கடற்கரைக்குப் பழைய வணிக வாகனங்களின் பேரணியைத் தொடங்கியது. அந்தப் பேரணியில் பால் வண்டி, பீர் வண்டி, நிலக்கரி லாரி எல்லாம் வரும்.

இந்தியாவில் கோவையில் 2015-ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் மியூசியம், ஹரியானாவில் 2013-ல் திறக்கப்பட்ட ஹெரிடேஜ் டிரான்ஸ்போர்ட் மியூசியம் போன்றவை பழைய வாகனங்களைக் காக்கின்றன. ஓட்டத் தேவையில்லை என்றால் லாரிக்கும் இது ஒரு வழி. நிறுத்திவைத்துக் காட்டுவதற்கு எஃப்.சி. தேவையில்லை. ஆனால் 20 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரு லாரி நிற்கும் இடத்தில் மூன்று, நான்கு கார்களை நிறுத்திவிடலாம். மியூசியங்களில் லாரி குறைவாக இருப்பதற்கு இடமும் ஒரு காரணம்.

உங்கள் ஊரில் பழைய லாரி இருந்தால் என்ன செய்யலாம்?

செங்கல் சூளையிலோ ரைஸ் மில் பின்புறமோ தென்னந்தோப்பிலோ ஒரு பழைய லாரி நின்றுகொண்டிருக்கலாம். அதை வாங்கவோ சீரமைக்கவோ எல்லோராலும் முடியாது. ஆனால் எடைக்குப் போடும் முன் சில வேலைகளைச் செய்யலாம்.

• சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மொபைலில் படமும் எடுங்கள்.
• முகப்பு பேட்ஜ், டாஷ்போர்டு மீட்டர்கள், பாடி கட்டியவரின் தகடு ஆகியவற்றைத் தனியாகப் படம் எடுங்கள். முடிந்தால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.
• வாங்குவதாக இருந்தால் ஆர்.சி. இல்லாமல் வாங்க வேண்டாம். கடன் நிலுவை, வரி நிலுவை, வழக்கு ஏதும் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள்.
• வண்டியை உடைக்கக் கொடுத்தால், பதிவை ரத்து செய்ய 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போது ஆர்.சி.யையும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்பு எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்துவிடுங்கள்.
• அந்த வண்டியை ஓட்டியவர், கிளீனராக இருந்தவர், பாடி கட்டிய ஆசாரி யாராவது ஊரில் இருந்தால் பேசிப் பதிவு செய்யுங்கள். என்ன லோடு, எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை முதலில் கேளுங்கள்.

1950-களின் முதல் பாதியில் வந்த லாரிக்கு இப்போது 70 வயதுக்கு மேல். அதை இளைஞராக ஓட்டியவர்கள் இன்று 90-ஐ ஒட்டியோ கடந்தோ இருப்பார்கள். இரும்பைக்கூடக் கொஞ்ச காலம் கழித்துத் தேடலாம். கேட்டுப் பதிவு செய்யும் வேலைக்கு அவ்வளவு காலம் இல்லை.